இன்டர்வெல் மணி

பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டச்சத்து என்றதும் நம் கண் தட்டின் மேல்தான் போகிறது. போவது நியாயம்தான். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று தமிழ்நாட்டில் அந்தத் தட்டு தலைமுறைதோறும் நிறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் காலைத் தட்டுக்கும் மதியத் தட்டுக்கும் நடுவில் இன்டர்வெல் மணி அடிக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை என்ன தின்கிறது என்பதை உணவியலாளர்களாகிய நாம் எத்தனை முறை நேரில் பார்த்திருக்கிறோம்?

காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பெண் வெறும் வயிற்றோடு வந்தால், பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுதான் அவளுக்கு அன்றைய காலைச் சாப்பாடு. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 24 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 19 வயதினரில் 28 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதாகக் காட்டியது. வேகமான வளர்ச்சியும் மாதவிடாயும் இரும்புச்சத்தின் தேவையைக் கூட்டும் வயதில்தான் காலைத் தட்டு கைவிட்டுப் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள். நல்ல விதிதான். ஆனால் 51ஆவது மீட்டரில் கடை போடுவதை அது தடுக்காது. வாசலைச் சுத்தப்படுத்துகிறோம் என்று கிளம்பினால், சாக்கு விரித்துக் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டியை எழுப்புவதுதான் எளிது. விதி அவர் மேல் பாயவே இல்லை என்பதைப் பள்ளி நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

நாம் எழுதிக் கொடுக்கும் சிற்றுண்டிப் பட்டியல்களில் சத்துக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இன்டர்வெல் கணக்குதான் உதைக்கிறது. பத்து ரூபாய்க்குள் வருமா, குழாயடியில் கை கழுவிவிட்டு வந்து மணி அடிப்பதற்குள் தின்று முடியுமா, விடியற்காலையில் செய்தது பதினோரு மணி வரை தாங்குமா என்று பார்க்காத பட்டியல் அறிவிப்புப் பலகையிலேயே தங்கிவிடும்.

சுண்டலையே எடுத்துக்கொள்வோம். புரதம், நார்ச்சத்து, விலை எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் தேங்காய்த் துருவல் போட்ட சுண்டல் சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காயை விட்டுத் தாளித்து, ஈரம் போக ஆறவைத்துத்தான் மூட வேண்டும். கடலைமிட்டாய் சத்தானது என்றாலும் பல்லில் ஒட்டும். தின்றதும் வாய் கொப்பளிக்கும் பழக்கமும் கூடவே வர வேண்டும். வேகவைத்த நிலக்கடலைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயர் மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். கொய்யாவைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஈர்க்க உதவும். கேழ்வரகு பிஸ்கட் என்று உறையில் எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். பின்பக்கத்தில் மைதாவும் சர்க்கரையும் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்று பாருங்கள்.

இதழின் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை பள்ளிக்குப் பேசப் போகும்போது, உரையை இன்டர்வெல்லுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாசலில் நின்று, யார் எதை, என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் ஒரு கொய்யா வாங்குங்கள். பழத்தைக் கழுவ நல்ல தண்ணீர், ஈ மொய்க்காமல் மூட ஒரு வலை, வெயிலுக்கு ஒரு நிழல்: இவற்றில் அவருக்கு எது இல்லை என்று கேளுங்கள். தலைமையாசிரியரிடம் நீங்கள் கொடுக்கும் பரிந்துரையின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

— ஆசிரியர்