வீட்டைக் கட்டியவன் யார்?

அனர்த்தம் ஒன்று நிகழ்ந்தவுடன் எம்மிடையே இரு குரல்கள் எழுவது வழக்கம். 'எல்லாம் இறைவன் சித்தம்' என்பது ஒன்று. 'நாம் அனைவருமே குற்றவாளிகள்' என்பது மற்றையது. முன்னையது பணிவுடையதாகவும் பின்னையது நேர்மையுடையதாகவும் தோற்றுகின்றன. ஆயினும் இரண்டும் ஆற்றும் பணி ஒன்றே. முன்னையது பொறுப்பை விண்ணுக்கு அனுப்புகின்றது. பின்னையது அதனை எல்லோர் தலையிலும் தூவி, எவர் தலையிலும் கனக்காமற் செய்துவிடுகின்றது. ஊவா மலைச்சரிவுகளில் மண்ணுள் புதையுண்ட தோட்டத் தொழிலாளர் பற்றிப் பேசும்போது இவ்விரு குரல்களும் கிறிஸ்தவ விசுவாசத்திற்கே முரணானவை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கூட்டுப் பொறுப்பு என ஒன்று உண்டு. ஆனால் அது சமபங்குப் பொறுப்பு அன்று. அளந்து பகிரப்பட வேண்டியது.

தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் திருமறை வாதம் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். புதையுண்டவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர் அல்லர் என்பதும் உண்மையே. எனினும் அவர்களுடைய மரணத்திற்குப் பொருள் கூறும் உரிமையை எமது பிரசங்க பீடங்கள் தாமாகவே எடுத்துக்கொண்டுள்ளன. கூறப்படும் பொருள் தவறாயின் அதனை மறுக்கும் கடமை அந்த விசுவாசத்தைச் சார்ந்தவர்க்கே முதலில் உரியது.

1. மீரியபெத்த

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவில், கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்து வீழ்ந்தது. லயங்கள் வரிசை வரிசையாக மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை. சரிந்த மண்ணே அவர்களுக்குச் சவக்குழியாயிற்று.

முதல் நாட்களில் காணாமற் போனோர் நூற்றுக்கணக்கானோர் எனச் சொல்லப்பட்டது. பின்னர் அத்தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு நாற்பதிற்கும் கீழே வந்து நின்றது. உயிரிழப்பு அஞ்சியதிலும் குறைந்தமை ஆறுதலே. ஆயினும் ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உடன் சொல்ல இயலாத ஒரு நிருவாகத்தின் கீழ் அம்மக்கள் வாழ்ந்தனர் என்பதை அக்குழப்பம் உலகறியச் செய்தது. கொழுந்தின் நிறையை நாள்தோறும் தராசிலிட்டுப் பதிவு செய்யும் தோட்டத்தில், கொழுந்து பறித்தவரின் எண்ணிக்கைக்கு உறுதி இருக்கவில்லை.

இது எதிர்பாராத நிகழ்வா? 1986ஆம் ஆண்டு சனவரியில் மலைநாட்டில் ஏற்பட்ட மண்சரிவுகளின் பின்னர், 1990இல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. முதன்முதல் தெரிந்தெடுக்கப்பட்ட இரு மாவட்டங்களுள் பதுளை ஒன்று, மற்றையது நுவரெலியா. மீரியபெத்த மக்கள் வாழும் இடம் ஆபத்தானது என்று 2005இலும் மீண்டும் 2011இலும் அந்நிறுவனம் எச்சரித்தது. மலை திடீரென வீழ்ந்ததாகச் சொல்வது அறிவுக்குப் பொருந்தாது. ஒன்பது ஆண்டுகள் அது தன் வரவை அறிவித்துக்கொண்டிருந்தது.

உயிர் பிழைத்தோர் நெடுங்காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கவைக்கப்பட்டனர். 2016இலேயே பூனாகலைப் பகுதியில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் மண்சரிவுக்குள்ளாயின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளை மீண்டும் ஒன்றாயிற்று. நிகழ்ச்சி ஒன்றாயின் விபத்து எனலாம். தொடர்ச்சியாயின் அதற்குக் காரணம் உண்டு. காரணம் உண்டாயின் காரணகர்த்தரும் உண்டு.

2. சீலோவாமின் கோபுரமும் இரு வீடுகளும்

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி வருகின்றது. மாண்டவர் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரினும் பாவிகள் என எண்ணுவதை இயேசு வெளிப்படையாக மறுக்கின்றார். அதன்மேல் மனந்திரும்புமாறு கேட்கப்படுவோர் இறந்தவர்கள் அல்லர், உயிரோடு நின்று கதை கேட்டவர்கள். ஆகவே பேரழிவைத் தண்டனை எனவும் சித்தம் எனவும் விளக்குவது, நற்செய்தி நேரே மறுத்த விளக்கத்தை நற்செய்தியின் பெயராலேயே கூறுவதாகும். கால்வாயைத் தூர்வாராதவனின் அசட்டையைக் கடவுளின் சித்தம் என்பது பக்தியன்று, தேவதூஷணம்.

இன்னொரு தவறான பிரசங்கமும் உண்டு. கன்மலைமேல் வீட்டைக் கட்டிய புத்தியுள்ளவனையும் மணல்மேல் கட்டிய புத்தியில்லாதவனையும் பற்றிய மத்தேயு 7ஆம் அதிகார உவமை அது. மழை பெய்தது, வெள்ளம் வந்தது, மணல்மேல் கட்டிய வீடு விழுந்தது. தன் வாழ்வை எதன்மீது கட்டுவது என்பதை ஒருவன் தானே தீர்மானிக்கின்றான் என்பது அவ்வுவமையின் அடிப்படை. ஆனால் தோட்டத் தொழிலாளி தன் லயத்தைத் தான் கட்டினானா? இடத்தைத் தெரிந்தெடுத்தானா? வேறொருவன் மணல்மேல் வீட்டைக் கட்டி, அதனுள் இவனைக் குடியிருத்தினான். உவமையில் வராத இம்மூன்றாவது மனிதனைப் பற்றித் திருமறை மௌனமாக இல்லை. வீடு கட்டுகிறவன் அதன் மேற்றளத்திற்குக் கைபிடிச்சுவர் அமைக்க வேண்டும். அமைக்காது விட்டு எவனாவது விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மீது வரும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கின்றது. விழுந்தவன் கவனமாக நடந்திருக்கலாமே என்று அச்சட்டம் வாதாடவில்லை. கட்டியவன் யார் என்றே அது கேட்கின்றது.

3. அளவுகோல்

அதே நூலின் 21ஆம் அதிகாரத்தில் வியப்பூட்டும் ஒரு விதி உண்டு. கொன்றவன் யாரென அறியப்படாத ஒருவனின் சடலம் வெளியில் கிடந்தால், மூப்பரும் நியாயாதிபதிகளும் வந்து, அவ்விடத்திலிருந்து சுற்றிலுமுள்ள பட்டணங்கள் எவ்வளவு தூரம் என அளக்க வேண்டும். மிக அண்மையிலுள்ள பட்டணத்தின் மூப்பரே முன்வந்து பதில் சொல்ல வேண்டும். குற்றவாளி தெரியவில்லை என்பதற்காகப் பொறுப்பு கைவிடப்படவில்லை. எல்லாப் பட்டணங்களும் சமமாகக் குற்றமுடையன என்றும் சொல்லப்படவில்லை. அளவுகோல் கொண்டுவரப்படுகின்றது. மீரியபெத்தவிலிருந்து நாமும் அளந்து பார்ப்போம்.

முதலில் வருவது குடியேற்றவாதம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதிப்பத்திரம் காட்ட இயலாத நிலங்களை முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அதே சரிவுகளில் தேயிலை நடப்பட்டது. ஊவாவின் சிங்களக் கிராமவாசி தன் சேனை நிலத்தையும் மேய்ச்சலையும் இழந்ததும், தென்னிந்தியத் தொழிலாளி லயத்துள் அடைக்கப்பட்டதும் ஒரே நடவடிக்கையின் இரு பக்கங்களாகும். உயர்மலைக் காடுகளை அழித்தல் ஆகாது என 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததன் பயனாக 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளுக்கு ஓரளவு காவல் கிடைத்தது. அதற்குக் கீழிருந்த சரிவுகளுக்கு அதுவும் கிட்டவில்லை. தன் பங்களாவிற்கு உறுதியான இடம் தேடத் தெரிந்த துரைக்கு, லயத்திற்கு மட்டும் இடம் பார்க்கத் தெரியாமற் போனமை அறியாமை அன்று.

அடுத்தது அரசு. இது முன்னையதினும் அண்மையில் நிற்பது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களை நாடற்றோர் ஆக்கியது அரசு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்களின் நிலவுடைமை அரசின் கைக்கு வந்தது. வரைபடமும் அதனிடம், நிலமும் அதனிடம், சட்டமும் அதனிடம். எச்சரிக்கப்பட்டும் மக்கள் வெளியேறவில்லை என்பதே அதிகாரிகளின் வாதம். எங்கே வெளியேறுவது? ஒரு பேர்ச் காணிக்கும் உறுதியில்லாதவன், தோட்டத்தில் வேலை செய்யும்வரையே காம்பராவில் இருக்கலாம் என்ற நிலையிலுள்ளவன், பிரட்டுக்களத்தையும் பிள்ளைமடுவத்தையும் விட்டு எந்த மலைக்குச் செல்வான்? நிலம் கொடாது கொடுக்கும் எச்சரிக்கை, எச்சரிக்கை அன்று. பிற்காலப் பழியிலிருந்து தப்புவதற்கு முன்கூட்டியே எழுதிவைக்கும் சாட்சிப்பத்திரம்.

மூன்றாவது, 1992இலிருந்து தோட்டங்களை நிருவகிக்கும் பிராந்தியக் கம்பனிகள். மலைச்சரிவில் மழைநீர் மண்ணுள் இறங்கி ஊறும்போது மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. பாறைமீது தளர்வாய்ப் படிந்துள்ள மண் நீரின் பாரத்தோடு நழுவுகின்றது. இதனைத் தடுக்கவே சரிவுகளில் கான்கள் வெட்டப்பட்டன. கான் வெட்டுவதும் தூர்வாருவதும் கொழுந்து தராத வேலைகள். இலாபக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவதும் அவையே. தேயிலை கைவிடப்பட்டுக் காடு மண்டிய சரிவுகளில் கான்களைக் கவனிப்பார் எவர்?

இவற்றிற்கு அப்பாலும் பட்டணங்கள் உண்டு. சந்தாவையும் வாக்கையும் பெற்ற தொழிற்சங்கங்கள் சம்பளத்திற்காகப் போராடிய அளவிற்குக் காணிக்காகப் போராடினவா எனத் தம்மையே கேட்க வேண்டும். மழையின் இயல்பையே மாற்றும் காபனீரொட்சைட்டைப் பெருமளவு வெளியிட்டவை செல்வந்த நாடுகள். இவ்விடயத்தில் பொறுப்பு பொதுவானது, ஆயின் வேறுபட்டது என்னும் கோட்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் வலியுறுத்துகின்றது. லயத்தின் பின்னே மரக்கறித் தோட்டத்திற்காகச் சரிவைக் கொத்திய தொழிலாளிக்கும் ஒரு பங்கு உண்டெனில், அப்பங்கை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் மண்வெட்டி கொத்தியதும் கோடரி அழித்ததும் ஒரே நிறையாகத் தராசில் நிற்கமாட்டா.

4. ஆலயத்தின் பங்கு

திருச்சபை அளப்பவர் பக்கத்தில் மட்டும் நிற்க இயலாது. தோட்டங்களில் ஊழியம் செய்த தமிழ்க் கூலி மிசன் 1854இல் தோட்டத்துரைமாரின் ஆதரவுடனேயே ஆரம்பிக்கப்பட்டது. பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்ற இவ்வதிகாரி 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். விண்ணிலிருந்து வீழ்ந்த மரணம் அது. ஆயினும் அவருடைய சபையார் அதனைத் தண்டனை எனக் கொள்ளாது நினைவாலயம் எழுப்பினர். அம்மட்டில் அவர்கள் செய்தது நற்செய்திக்கு இசைந்ததே. அந்த நியாயம் துரைக்குக் கிட்டியது. லயத்துத் தொழிலாளிக்கு மட்டும் 'சித்தம்' என்ற ஒரு சொல் ஏன்?

வேறு மரபும் எமக்கு உண்டு என்பதை மறத்தலாகாது. கண்டி ஆயராயிருந்த லியோ நாணாயக்கார, 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயர் பொறுப்பை ஏற்று இம்மலைகளுக்கு வந்தார். அதே ஆண்டில் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் 'சத்தியோதய'த்தை நிறுவித் தோட்ட மக்களின் உரிமைக்காகப் பல்லாண்டு உழைத்தார். இவர்களைப் புகழ்ந்துரைப்பது எளிது. அவர்கள் கேட்ட காணிக் கேள்வியைத் தொடர்ந்து கேட்பதே கடினம். அனர்த்தம் வந்தால் பாயும் அரிசியும் கொண்டு செல்லும் திருச்சபை, அனர்த்தம் வருமுன் காணி உறுதி கேட்டுக் கச்சேரி வாயிலில் நின்றதுண்டா?

5. இனிச் செய்ய வேண்டியது

1966 ஒக்டோபர் 21இல் வேல்ஸ் நாட்டின் அபெர்பான் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் நிலக்கரிக் கழிவுமலை சரிந்து 116 சிறுவர் உட்பட 144 பேர் மாண்டனர். விசாரணை மன்றம் 1967இல் தேசிய நிலக்கரிச் சபையே குற்றத்திற்குரியது எனப் பெயர் சுட்டி எழுதியது. அப்பெயர்சுட்டல் இறந்தோரை மீட்கவில்லை. ஆனால் அவர்களுடைய மரணம் இயற்கையின் கணக்கில் எழுதப்படுவதைத் தடுத்தது. 2020 ஆகஸ்ட்டில் கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் லயங்களோடு புதையுண்ட எழுபது பேரும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. கடலுக்கு இருபுறமும் ஒரே மக்கள், ஒரே லயம், ஒரே முடிவு. இரண்டு நாடுகளின் மழைக்கு இப்படியொரு ஒற்றுமை வாய்க்காது. ஒத்திருப்பது தோட்ட முறைமையே.

மனந்திரும்புதல் என்பது திருமறை வழக்கில் கண்ணீர் அன்று, திசைமாற்றம். அதற்கு அடையாளங்கள் உண்டு. ஆபத்தான சரிவிலுள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் பாதுகாப்பான நிலம், கருணைக் கொடையாக அன்றி உறுதிப்பத்திரத்தோடு கூடிய உரிமையாக வழங்கப்பட வேண்டும். கான்களைப் பேணுவது கம்பனிகளின் குத்தகையில் மீறமுடியாத நிபந்தனையாக வேண்டும். திருச்சபைகள் மலையகத்தில் தமக்குள்ள காணிகளைக் கணக்கெடுத்து, எத்தனை வீடுகளுக்கு இடம் தர இயலும் எனப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் பணி உண்டு. அபாய வரைபடங்களையும் அறிக்கைகளையும் லயத்திலுள்ளோர் படித்துணரும் தமிழில் பெயர்த்து, நேரே சென்று விளக்கலாம். கற்ற புவியியலுக்கும் மண்ணியலுக்கும் அதனினும் சிறந்த பயன் வேறில்லை.

உபாகமத்தின் மூப்பர், அளந்து முடித்தபின், ஓடும் நீருள்ள பள்ளத்தாக்கில் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைத் தம் கைகள் சிந்தவில்லை என்றும் தம் கண்கள் அதைக் காணவில்லை என்றும் சொல்ல வேண்டும். அச்சொற்களின் முற்பாதியை எம்மில் சிலர் சொல்லக்கூடும். பிற்பாதியைச் சொல்ல எவராலும் இயலாது. வரைபடம் 1990களிலிருந்து எம்மிடம் உள்ளது. எச்சரிக்கைகள் 2005இலும் 2011இலும் எழுதப்பட்டன. எம் கண்கள் கண்டன.