வாடியா குழந்தைகள் மருத்துவமனையை மூட விடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மும்பை பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்றும், உள்ளே இருக்கும் பிள்ளைகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் என்றும் 2020 ஜனவரியில் வந்த செய்தியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மாநகராட்சியும் மாநில அரசும் மானியம் தராததால் மருந்து வாங்கப் பணமில்லை என்றது நிர்வாகம். நிர்வாகத்தில் முறைகேடு என்றது மாநகராட்சி. இவர்கள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்வரை காய்ச்சலும் வலிப்பும் காத்திருக்குமா?

அதைவிட வேதனை, “பார்சிக்காரர்கள் கட்டிய தர்ம ஆஸ்பத்திரிதானே, நடத்த முடியாவிட்டால் மூடிவிட்டுப் போகட்டும்” என்று படித்தவர்களே பேசுவது. அந்த ஆஸ்பத்திரி எதற்காக வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அப்படிப் பேச வாய் வராது.

1921-இல் பம்பாயில் பதிவான கணக்குப்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 600-க்கும் மேல் ஒரு வயது முடியுமுன் இறந்தன. பிறப்புகளை ஒழுங்காகப் பதியாததால் கணக்கு ஊதிப்போனது என்பார்கள். பாதியாகக் குறைத்துப் பார்த்தாலும் நெஞ்சு பதறுகிறது. பரேல், லால்பாக் பக்கத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த சால்களில் ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்த காலம். பிரசவத்துக்கு விடுப்பு என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் தாய் மறுபடி மில்லுக்கு ஓட வேண்டும். போகுமுன், குழந்தை அழாமல் கிடக்கட்டும் என்று அபின் உருண்டையை வாயில் வைத்துவிட்டுப் போவாள். மில் பெண்களின் நிலையை ஆராய அரசு நியமித்த பெண் மருத்துவர் பார்ன்ஸ் 1922-இல் கொடுத்த அறிக்கையில் இந்த அபின் பழக்கம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கஞ்சி இல்லை.

இந்த நிலையில்தான் வாடியா குடும்பத்தின் சகோதரர்கள் குஸ்ரோவும் நெஸ்ஸும் 1926-இல் தந்தை நௌரோஜி பெயரில் பிரசவ ஆஸ்பத்திரியையும், 1929-இல் தாய் ஜெர்பாய் பெயரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியையும் மில் தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவிலேயே கட்டினார்கள். நௌரோஜி, 1879-இல் பாம்பே டையிங்கைத் தொடங்கியவர். அவர்களின் கொடை மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை; கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தச் செல்வத்தில் தறி ஓட்டியவர்களின் உழைப்பும் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கேட்பது பிச்சை அல்ல.

அதே 1929-இல்தான் பம்பாய் மாகாணத்தில் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதலாவது. அதற்கு முந்தைய ஆண்டு சட்டமன்றத்தில் அந்த மசோதாவை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், மக்கள் நலம் காப்பது முதன்மையாக அரசின் கடமை, ஆகவே இந்தச் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். அது தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முந்தைய பேச்சு. சிலைகளுக்குப் பணம் இருக்கிறது, ஏழைகளின் மருத்துவத்துக்கு இல்லையா என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் மாநில அரசைக் கண்டித்தபோது எனக்கு அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. இந்து மில் நிலத்தில் அண்ணல் அம்பேத்கருக்குச் சிலை எழட்டும். எங்கள் தாராவியில் அதை விரும்பாதவர் இல்லை. அவர் சொன்ன கடமையையும் அரசு செய்யட்டும் என்கிறோம்.

மாநகராட்சிக்கு ஒரு கேள்வி. இந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவில் அறக்கட்டளையோடு மாநகராட்சியின் ஆட்களும் மாநில அரசின் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். முறைகேடு நடந்தால் கூட்டத்திலேயே கேட்டிருக்கலாம், தணிக்கை வைத்திருக்கலாம், தப்புச் செய்தவர் மேல் வழக்குப் போட்டிருக்கலாம். பிள்ளைகளின் மருந்துக் காசை நிறுத்துவது எந்த ஊர் தணிக்கை?

அங்கே ஓபிடி வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பிரித்தெடுத்த மருத்துவர்கள் இருக்கிற இடம் என்பதால் கொங்கணிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் இராப் பயணம் செய்து வருகிறார்கள். கேஸ் பேப்பர் நனையாமல் பாலித்தீன் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்திருப்பார்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சாப்பாட்டுத் தூக்கு. சயான் ஆஸ்பத்திரியில் “வாடியாவுக்குப் போ” என்று எழுதிக்கொடுத்த சீட்டோடு நம் தாராவித் தமிழ்ப் பெண்களும் நிற்பார்கள். மொழி தெரியாத பெண்ணுக்கு, முன்னால் நிற்கிற மராத்திக்காரி கவுன்டரைக் கைகாட்டுவாள். இவர்கள் தனியார் நர்சிங் ஹோமில் கால் வைத்தால் தாலியை அடகு வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பீனிக்ஸ் மில் இன்று மால். தறிகள் ஓடிய இடங்களில் அடுக்குமாடிகள். எல்லாமே “நஷ்டம், நடத்த முடியவில்லை” என்ற பேச்சில்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரியைப் பற்றியும் அதே பேச்சு வரும்போது, இந்த நிலத்துக்கும் ஆள் பார்க்கிறார்களோ என்று பரேல் மக்கள் சந்தேகப்பட்டால் அவர்கள் மேல் தப்பில்லை.

நீதிமன்றம் தலையிட்ட பிறகு 24 கோடி ரூபாய் தருவதாக மாநில அரசு சொன்னது. நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டுமா? மானியத்தை ஏப்ரல் மாதமே தேதி குறித்துக் கொடுங்கள். தணிக்கை அது பாட்டுக்குத் தனியாக நடக்கட்டும். அந்த நிலம் குழந்தைகள் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதற்கும் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் இருக்கும்; அவர்களில் ஒருவர் விடாமல் தேடிப்பிடித்து, எங்கே சேர்ந்தார்கள், சிகிச்சை கிடைத்ததா என்று கேட்டு, நின்றுபோன அறுவை சிகிச்சைகளுக்கு முதலில் தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாராவி, மும்பை