பாதி விலையும் பொடி எழுத்தும்



டிசம்பர் வந்துவிட்டால் செல்போனில் தள்ளுபடி மழைதான். போன ஆண்டு இப்படித்தான் ஒரு செயலியைப் பாதி விலைக்கு வாங்கினேன். இந்த ஆண்டு என்னைக் கேட்காமலே முழு விலையும் பென்ஷன் கணக்கிலிருந்து போய்விட்டது. முதல் ஆண்டுக்கு மட்டுமே பாதி விலை என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். 'கேள்வியை முழுசாகப் படி' என்று காலமெல்லாம் உங்களிடம் சொன்ன நானே படிக்கவில்லை!

எல்லாரும் இப்படியில்லை. புத்தகம் எழுதுவோருக்கான ஸ்க்ரிவனர் என்ற மென்பொருளைப் பாருங்கள். நாவல் எழுத ஆசைப்பட்ட கீத் பிளவுன்ட், தோதான கருவி கிடைக்காமல் தானே நிரலெழுதக் கற்று உருவாக்கியது. 2007-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் இருக்கும் சின்ன நிறுவனம். ஒருமுறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. இலவசமாக 30 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். திறந்து வேலை செய்த நாள் மட்டுமே கணக்கு. நவம்பரில் 50,000 சொற்கள் எழுதும் போட்டியை முடித்தவர்களுக்குப் பல ஆண்டுகள் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். உழைத்தவனுக்குப் பரிசு, இதுவல்லவா தள்ளுபடி!

மென்பொருள் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, ஆண்டு முடிவில் திரும்பிப் பார்க்கும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். தெரியாமல் பணம் கட்டியவர் எத்தனை பேர் என்றும் பாருங்கள். அடுத்த ஆண்டு விலையையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள்.

புத்தாண்டு வாழ்த்துகள்.