ஜெபமாலையை எட்டரைக்கு வையுங்க

இங்கிலீஷ் ரீடர்ல அக்டோபர்னா இலை உதிரும். எங்க ஊர்ல மழை பெய்யும், கரண்ட் போகும், மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஜெபமாலை நடக்கும். நான் ஆற்காடு பக்கத்துக் கத்தோலிக்கப் பையன். இதெல்லாம் தெரியாத ரூம்மேட்டுக்கு விளக்கின மாதிரியே உங்களுக்கும் சொல்லிடறேன், ஏன்னா உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும்.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தைத் தினம் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவோம். அக்கம்பக்கத்து ஆட்கள் அங்க கூடுவாங்க. இடம் பத்தலைன்னா பக்கத்து பாய் வீட்டுல இருந்து நாற்காலி வரும். 53 தடவை மங்கள வார்த்தை ஜெபம். முதல் பாதியை ஒருத்தர் சொல்லணும், மறுபாதியை எல்லாரும் சேர்ந்து சொல்லணும். அப்புறம் மன்றாட்டு மாலை, ஒரு பாட்டு, சுண்டல். மறுநாள் சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போயிடும். மாசம் முடிஞ்சு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடிச்சு, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏத்தி, சாமியார் வந்து மந்திரிச்சா அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

தமிழ் எனக்கு ஸ்கூல்ல வெறும் செகண்ட் லாங்குவேஜ். நான் தமிழைச் சத்தமா, தப்பில்லாம வாசிக்கக் கத்துக்கிட்டது இந்த வீடுகள்லதான். மன்றாட்டு மாலையில நான் திக்கும்போதெல்லாம் பின்னாடி இருந்து ஒரு பாட்டி எடுத்துக் கொடுப்பாங்க. அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது.

ரெண்டு வருஷம் முன்னாடி இதைக் கோயிலுக்கு மாத்தினாங்க. தினமும் மாலை 6.30, எல்லாரும் கோயிலுக்கே வந்துடணும். ஃபாதரைக் குறை சொல்ல மாட்டேன். இளைஞர் கூட்டத்துல அந்த ஐடியாவைக் கொடுத்தவனே நான்தான், எக்செல் ஷீட்டோட. மழைப் பிரச்சினை இல்லை, மைக் செட் தூக்க வேண்டாம், தெருவுல டிராஃபிக் இல்லை. ‘ஆப்டிமைஸ்’ பண்ணிட்டேன்னு எனக்கு ஒரே பெருமை.

யார் வந்தாங்க? பைக் இருக்கறவங்க, ரிட்டயர் ஆனவங்க, கோயிலுக்குப் பக்கத்துல வீடு இருக்கறவங்க. திக்கும்போது எடுத்துக் கொடுத்த பாட்டி வரலை, முட்டிவலி. ஷூ கம்பெனிக்குப் போற பெண்கள் ஒருத்தர்கூட வரலை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வந்திருந்தீங்கன்னா பார்த்திருப்பீங்க, சாயங்காலம் கம்பெனி பஸ்ல இருந்து டிபன் பையோட இறங்கற கூட்டம். ஆர்டர் நேரத்துல ஓ.டி. இருந்தா எங்க ஸ்டாப்புக்கு பஸ் வர ஏழரை ஆகிடும். அதுக்குள்ள கோயில்ல விளக்கை அணைச்சுடுவாங்க.

என் அம்மாவும் அந்த பஸ்லதான் வர்றாங்க. ஸ்டிச்சிங் லைன்ல இருக்காங்க. என் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அந்த ஓ.டி. பணம். ஷீட்டுல எல்லா காலமும் ஃபில் பண்ணினேன், அம்மா பஸ் வர்ற நேரம் மட்டும் தோணவே இல்லை.

இதை ஒரு பெரியவர்கிட்ட சொன்னப்போ, “தம்பி, பாப்பரசரே கோயில்லதானே சொல்லச் சொன்னார்”னு மடக்கினார். உண்மைதான். 1883-ல 13-ஆம் லியோ (நம்ம ஆட்கள் பழைய வழக்குல சிங்கராயர்னு சொல்வாங்க) எழுதின சுற்றுமடல்ல, அக்டோபர் 1-ல இருந்து நவம்பர் 2 வரைக்கும் பங்குக் கோயில்கள்ல ஜெபமாலை சொல்லணும்னு இருக்கு. நானும் தேடிப் படிச்சேன். ஆனா அடுத்த வருஷமே, 1884-ல, இன்னொரு சுற்றுமடல் எழுதறார். வயல் வேலை இருக்கற கிராமத்து மக்களுக்கு அக்டோபர் தோதுப்படலைன்னா நவம்பர், டிசம்பருக்குத் தள்ளி வச்சுக்கலாம், ஆயர் முடிவு பண்ணட்டும்னு. அதே ஆள்தான் 1891-ல தொழிலாளர் கூலி, வேலை நேரம் பத்தி ‘ரேரும் நோவாரும்’ எழுதினவர். 2025-ல வந்த 14-ஆம் லியோ இந்தப் பேரை எடுத்துக்கிட்டதுக்குக் காரணமும் முக்கியமா அந்த மடல்தான்.

அறுவடைக்காக ரோம்ல மாசத்தையே மாத்தியிருக்காங்க. நாம ஷூ கம்பெனிக்காக ரெண்டு மணி நேரம் மாத்தக் கூடாதா?

நான் கேக்கறது இதுதான்: திரும்பவும் வீடுகள்லயே வைக்கணும், ராத்திரி 8.30-க்கு. “குழந்தைங்க தூங்கிடும்”னு சொல்வாங்க. எங்க தெருவுல பத்து மணிக்கு ரீல்ஸ் பார்க்கற குழந்தைங்க எனக்குத் தெரியும். “பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு”ன்னா, ஸ்பீக்கரை எடுத்துடலாம். 10-க்கு 12 ஹால்ல மைக் எதுக்கு? ஒரே ஒரு ஆட்சேபணையை மட்டும் நான் முழுசா ஒத்துக்கறேன். வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு 40 பேருக்கு டீ, பலகாரம் கொடுக்கறது பெரிய செலவு. ஒரு வீட்டுல மக்கன் பேடா கொடுத்தா அடுத்த வீட்டுல பிரியாணி யோசிக்கறாங்க. அதனால சுண்டலுக்கு மேல எதுவும் கூடாதுன்னு பீடத்துலயே சொல்லிடணும்.

வர்ற ஞாயிறு பூசை முடிஞ்சு பங்குப் பேரவை கூடுது. போன தடவை ஷீட்டோட போனவன் நான், மாத்தச் சொல்லியும் நானேதான் போகணும். இதைப் படிக்கற எங்க பக்கத்துப் பசங்களும் வாங்க. சுரூபம் தூக்கவும் ஆள் வேணும்.

அம்மாகிட்ட நேத்து போன்ல சொன்னேன். “எட்டரைன்னா குளிச்சிட்டே வந்துடுவேன். நம்ம வீட்டு முறை வர்ற அன்னைக்கு மட்டும் நீ வந்து கொண்டைக்கடலையை ஊற வச்சிடு”ன்னாங்க.