துவிச்சக்கரவண்டியை மறவற்க

மேடு பள்ளமற்ற எமது குடாநாடு துவிச்சக்கரவண்டிக்கென்றே அமைந்த நிலமாகும். 1990 இன் பின் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதாகியபோது நோயாளரையும் விறகையும் நெல்மூட்டையையும் சுமந்தது அவ்வண்டியே. அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலியும் கேட்டோம். 2022 இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பட்டபோதும் அதுவே கைகொடுத்தது. இடர் நீங்கியதும் அதனை மூலையிற் சாத்திவிடுகின்றோம். இது நன்றியுமன்று, அறிவுமன்று.

இன்று திருநெல்வேலிச் சந்தியில் மோட்டார்ச் சைக்கிள்களே மிகுந்துள்ளன. நாள்தோறும் இரண்டு மைல் மிதித்துக் கல்லூரிக்கு வரும் மாணவனுக்கு இதனினும் எளிய தேகாப்பியாசம் வேறுண்டோ? ஆயின், மிதித்தலோடு பேணுதலையும் கற்றல் வேண்டும். மிதிகட்டை கீழே நிற்கும்போது முழங்கால் சற்றே மடியுமாறு ஆசனத்தை உயர்த்துக. வாரந்தோறும் காற்றைப் பார்க்க. சங்கிலிக்கு எண்ணெய் இடுக. பிறேக் கட்டைகளைத் தேயுமுன் மாற்றுக. ரியூப்பை நீரில் அமிழ்த்தினால் குமிழி துளையைக் காட்டும். அவ்விடத்தை உலர்த்தி, அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசி, அது சற்றே காய்ந்தபின் ஒட்டுத்துண்டை அழுத்துக.

விழா நினைவாக மண்டபம் எழுப்புதல் வழக்கம். பழைய மாணவராகிய நாம் காற்றடிக்கும் பம்பும் திருகுசாவிகளும் வைத்த சிறு கொட்டில் ஒன்றையும் கல்லூரி வளவில் அமைப்போமாக. தன் வண்டியைத் தானே திருத்தப் பழகிய மாணவன் அடுத்த தட்டுப்பாட்டிலும் நடுவழியில் நில்லான்.