டீக்கடைக்கு எப்ப வரலாம்?

சென்னையிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணியிருந்தார். குடும்பத்தோட செஞ்சிக் கோட்டைக்கு வர்றாராம். "சார், நீங்க அடிக்கடி எழுதுவீங்களே உங்க ஊர் முக்கு டீக்கடை, அங்க காலைல அஞ்சு மணிக்கு வந்தா நல்லா இருக்குமா? ஊர் எழுந்திருக்கிறதைப் பார்க்கணும்"னு கேட்டார். "அந்த நேரத்துக்கு வராதீங்க"ன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வருத்தம்தான் பட்டிருப்பார். போனில் சரியாக விளக்க வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தப்பு என் மேலயும் இருக்கு. அதிகாலை டீக்கடை, பாய்லர் ஆவி, மார்கழிப் பனி என்று இதே பக்கத்தில் உருகி உருகி எழுதியவன் நான்தான். அதைப் படிச்சுட்டு வர்றேன்னு சொல்றவரைக் குறை சொல்ல முடியாது.

கூட்டமும் முன்னைப் போல இல்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று எங்க செஞ்சி. 1677ல் சிவாஜி பிடித்த கோட்டை என்பதால் அந்தப் பட்டியலில் வந்தது. (நாங்க இன்னமும் தேசிங்கு ராஜா கோட்டைன்னுதான் சொல்றோம்.) அதுக்கப்புறம் சனி, ஞாயிறு ஆனா திருவண்ணாமலை ரோட்டில் கார் வரிசை. வெயிலுக்கு முன்னாடி ராஜகிரி ஏறணும்னு விடிய விடிய கிளம்பி வர்றாங்க. கோட்டை டிக்கெட் கவுன்டர் திறக்கிறவரைக்கும் பொழுது போகணும். அப்ப கண்ணில் படுவது டீக்கடை.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. அஞ்சு மணி டீ நல்ல டீயே கிடையாது. எங்க கடையில் அது முந்தின நாள் சாயங்காலப் பால். அந்த நேரத்தில்தான் நாங்க மாட்டுக்கிட்டயே உட்கார்றோம். கறந்து, சொசைட்டிக்கு ஊத்தினது போக மிச்சம் கடைக்கு வந்து சேர ஆறரை ஆயிடும். அஞ்சு மணிக்கு யாரும் ருசிக்குக் குடிக்கிறதில்லை. வயித்துல சூடா ஏதாவது இறங்கணும், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரம் கடை எதுக்கு இருக்குன்னா, வேலைக்கு. யார் கழனியில் நடவு, எத்தனை ஆள் வேணும், மல்லாட்டை பிடுங்க யார் வர்றா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். கமிட்டிக்கு மூட்டை ஏத்துறவங்க வருவாங்க. கமிட்டின்னா செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், எங்க பேச்சில் அதுக்கு வேற பேர் கிடையாது. அறுவடைக் காலத்தில் விடியறதுக்கு முன்னாடி வண்டியை வரிசையில் போட்டால்தான் அன்னைக்கு எடை போட்டுக் காசைப் பார்க்கலாம். நேத்து 75 கிலோ மூட்டை என்ன விலைக்குப் போச்சுன்னு அங்கே காதில் விழுறதை வெச்சுத்தான் என் நெல்லை ஏத்துறதா, இன்னும் ரெண்டு நாள் வெச்சிருக்கிறதான்னு நான் முடிவு பண்றேன். நடவுக்குப் போற பொம்பளைங்க கடைக்குள்ள வரமாட்டாங்க. ரோட்டோரம் குட்டியானை வண்டிக்கிட்ட நிப்பாங்க, டீ தூக்குவாளியில் போகும். ஏன் உள்ளே வர்றதில்லைன்னு கேட்டா எங்க ஊரில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஆளுக்கு அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. வண்டி ஆரன் அடிச்சா கிளம்ப வேண்டியதுதான்.

போன தை மாசம் ஒரு சனிக்கிழமை, ரெண்டு காரில் 11 பேர் வந்து இறங்கினாங்க. நல்ல மனுஷங்கதான், சிரிச்ச முகம். நாலு டீ சர்க்கரை இல்லாம, ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு பிளாக் டீ, குழந்தைக்குப் பால் தனியா ஆத்தி. மாஸ்டர் ஒரே ஆள். வழக்கமா கேட்காமலே கை போற வரிசை ஒண்ணு இருக்கு, அது கலைஞ்சு போச்சு. ஆரன் அடிச்சது. மூட்டை தூக்குற ஆறு பேர் டீ குடிக்காமலே வண்டி ஏறினாங்க. காலை பத்து மணி வரைக்கும் அவங்களுக்கு வேற எதுவும் கிடையாது.

அது கூட அன்னைக்கோட போச்சு. இன்னொண்ணுதான் மனசை விட்டுப் போகலை.

கடையில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டினவர். நான் சின்னப் பையனா இருந்தப்ப அவர் அதே இடத்தில், அப்ப இருந்த கூரைக்கடைக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்னு குடிப்பார். அவங்க தெருக்காரங்களுக்குன்னு ரெண்டு அலுமினிய டம்ளர் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும். எடுத்துக் குடிச்சுட்டு, கழுவி, திரும்ப அங்கேயே செருகணும். எங்கப்பா அவரைவிடச் சின்னவர், ஆனா "வாடா போடா"ன்னுதான் கூப்பிடுவார். கடையிலும் ஓட்டலிலும் சாதி பார்த்து யாரையும் தடுக்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு 1950லேயே சொல்லியாச்சு. எங்க முக்கில் அந்த டம்ளர் காணாமப்போக அதுக்கப்புறம் நாற்பது வருஷம் ஆச்சு. பெஞ்சில் உட்கார அவருக்கு இன்னும் பல வருஷம்.

கார் வந்து நின்னதும் முதல் ஆளா எழுந்தவர் அவர்தான். யாரும் எழச் சொல்லலை. கிளாஸை எடுத்துக்கிட்டு நேரா புளியமரத்தடிக்குப் போய் நின்னார், அந்தப் பழைய இடத்துக்கே. வந்தவங்களில் ஒரு பையன் அதை போட்டோ எடுத்தான். விடியற வெளிச்சம், மரம், கையில் கிளாஸோட தாத்தா. படம் அழகாத்தான் வந்திருக்கும். அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச நான் பெஞ்சின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவுமில்லை, "நீங்க ஏன் எழுறீங்க, உட்காருங்க"ன்னு சொல்லவுமில்லை.

மாஸ்டர்கிட்ட பிறகு இதைப் பேசினேன். "ஏன்ணே, நீங்கல்லாம் நோட்டுல எழுதிட்டுப் போறீங்க, அறுவடை முடிஞ்சுதான் தர்றீங்க. அவங்க கையோட ஜிபே பண்றாங்க. வராதீங்கன்னு எழுதிக் கிழுதி வெச்சுடாதீங்க"ன்னார். அவர் சொல்றதும் நியாயம். என் கணக்கே அந்த நோட்டில் ரெண்டு பக்கத்துக்கு இருக்கு. அதனாலதான் வராதீங்கன்னு எழுதலை, நேரத்தை மாத்துங்கன்னு எழுதறேன்.

மலை இறங்கி வேர்த்து விறுவிறுத்து பதினோரு மணிக்கு மேல வர்றதும் வேண்டாம். பால் அடுப்பிலேயே கிடந்து ஏடு கட்டியிருக்கும், மாஸ்டரும் அரைத் தூக்கத்தில் இருப்பார். பன்னீர் சோடா வாங்கிக் குடிச்சுட்டுப் போங்க. பௌர்ணமியன்னைக்கு எங்க ரோடு முழுக்க கிரிவலக் கூட்டம், அமாவாசைன்னா மேல்மலையனூர் கூட்டம், ரெண்டு நாளும் நிக்க இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை செஞ்சியில் ஆட்டுச் சந்தை, அதுவும் விடியற்காலை சமாச்சாரம். ஆறு மணிக்கு மேல சாயங்காலம் வேற ஒரு கூட்டம் வரும், குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு அப்ப வேண்டாம்.

மூணரை மணிக்கு வாங்க. சாயங்காலப் பால் அப்பதான் கறந்து சூட்டோட வரும், அன்னைக்கு முதல் நல்ல டீ அதுதான். நடவுக்குப் போனவங்க எல்லாம் திரும்பியிருப்பாங்க. யாருக்கும் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங், எது வேணும்னாலும் கேளுங்க, மாஸ்டர் நிதானமாப் போட்டுத் தருவார், தன் மகள் நர்சிங் படிக்கிற கதையும் சொல்லுவார்.

பெரியவர் அந்நேரம் ஆட்டை ஓட்டிவிட்டுட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உங்க காரைப் பார்த்ததும் எழப் பார்ப்பார். விடாதீங்க. போர்டு வந்தவாசி ரோடு, பஸ் டைம்னு எதையாவது கேட்டுக்கிட்டே பக்கத்தில் உட்கார்ந்துடுங்க. கோட்டையைப் பத்தி அவர்கிட்ட கேட்டா கைடு சொல்லாததெல்லாம் சொல்லுவார், சின்ன வயசில் ஆடு மேய்ச்ச மலை அது.

மசால் வடை நாலரைக்குள்ள தீர்ந்துடும்.