சி.டி. நார்மல்னா நடிக்கிறாங்கன்னு அர்த்தமா?

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்புறம் ஏன் இவ இன்னும் தலை சுத்துதுன்னே சொல்லிட்டிருக்கா?"

ஓ.பி.யில ஒரு கணவர் கேட்டது. பக்கத்துல அவர் மனைவி, டியூப்லைட் வெளிச்சம் தாங்காம கண்ணைச் சுருக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மூணு வாரம் முன்னாடி வேகத்தடையில பைக் பின்சீட்டுல இருந்து விழுந்தவங்க. (பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் உண்டுங்க. அதுக்கு இன்னொரு நாள் தனியா திட்டறேன்.)

அவர் மேல மட்டும் கோபப்பட முடியல. அன்னைக்கு கேஷுவாலிட்டியில "நார்மல், வீட்டுக்குப் போலாம்"னு அனுப்பினது நாங்கதான்.

அது பாதி உண்மை. சி.டி.யில நாங்க தேடுறது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு மாதிரி உடனே உயிருக்கு ஆபத்தானதை. தலை குலுங்கினதுல மூளை செல்கள் வேலை செய்யற விதம் தடுமாறுறதுதான் கன்கஷன். அது சி.டி. படத்துல தெரியாது. மயக்கம் போட்டு விழுந்திருக்கணும்னு கூட அவசியம் இல்ல. மைக்ரேன் தலைவலிக்கும்தான் ஸ்கேன் நார்மலா வருது, அதை நடிப்புன்னா சொல்றோம்?

பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல சரியாகிடும். சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். தலைவலி, தலைசுத்தல், தூக்கம் கெடறது, மறதி, சட்டுனு எரிச்சல். இந்தம்மாவுக்கு குக்கர் விசில் சத்தம் கேட்டாலே அழுகை வருது. குழம்புல உப்பு போட்டோமான்னு ஞாபகம் இல்ல. வீட்டுல இதுக்குப் பேரு "வேலைக்குக் கள்ளம்".

2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். ஆர்ச்சர் பந்து ஸ்மித் கழுத்துல பட்டுச்சு. சோதிச்சுப் பார்த்துட்டு அன்னைக்கே திரும்ப பேட்டிங் பண்ண வந்தார். மறுநாள் காலையில தலைவலி, மந்தம். உடனே அவரை வெளியே எடுத்துட்டு லபுஷேனை இறக்கினாங்க. அடுத்த டெஸ்ட்டும் ஸ்மித் ஆடல. யாரும் நடிக்கிறார்னு சொல்லல. நம்ம வீட்டுப் பொண்ணு மட்டும் மறுநாள் காலையில அடுப்படியில நிக்கணும்.

அதுக்காக மாசக்கணக்குல இருட்டறையில படுக்க வைக்கறதும் தப்பு. அந்தக் காலத்து வைத்தியம் அது. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, போனைக் குறைக்கணும். அப்புறம் மெதுவா நடை, கொஞ்சம் கொஞ்சமா வேலை. தொந்தரவு ரொம்பக் கூடினா ஒரு படி பின்னாடி வாங்க. முழுசா சரியாகற வரைக்கும் தலையில இன்னொரு அடி படவே கூடாது, அதனால பைக் ஓட்டறதும் விளையாட்டும் டாக்டர் சொன்ன பிறகுதான். தினமும் வலி மாத்திரை போடாதீங்க, அந்த மாத்திரையாலேயே தலைவலி விடாம தொடரலாம். ஒரு மாசம் தாண்டியும் இருந்தா திரும்ப வாங்க. தலைசுத்தல், கழுத்துவலி, தூக்கம், மனச்சோர்வு எல்லாத்துக்கும் சிகிச்சை இருக்கு.

சக டாக்டர்களே, கேஷுவாலிட்டி கூட்டம் எனக்கும் தெரியும். ஆனா இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். லீவு கேட்டா ஸ்கேன் ரிப்போர்ட் கேட்கிற முதலாளிகளே, நாங்க எழுதித் தர்ற சீட்டைப் படிங்க.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், காது மூக்குல நீர் மாதிரி வடியறது: இதுல ஒண்ணு இருந்தாலும் "அன்னைக்கே ஸ்கேன் எடுத்தாச்சே"ன்னு வீட்டுல உக்காராதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

அந்தக் கணவர்கிட்ட ஓ.பி. சீட்டுல பெருசா எழுதிக் கொடுத்தேன்: "நோய் உண்மை. ரெண்டு வாரம் சமையல் நீங்க."